செடிக்குள் வாழும் செடி



ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்லும் சாலையில் மேற்கு நோக்கி அமர்ந்து பயணம் செய்தவர்கள் அந்த மலைத்தொடரை மறந்திருக்க மாட்டார்கள். மலையின் அடிவாரம் வரையில் மாந்தோப்புகள். தோப்புகளுக்கு மேலே காடு. காட்டுக்கு மேலே மேகம். அந்த மாந்தோப்பு ஒன்றிலே நின்று அண்ணாந்து பாருங்கள். மா இலைகளுக்கு நடுவே மாவுக்குச் சொந்தமில்லாத தடித்த இலைக் கொத்து ஒன்று தெரியும். செம்மஞ்சள் நிறத்தில் நீண்ட குழல் போன்ற பூக்களும் அதில் இருக்கும். அதுதான் புல்லுருவி. தோட்டக்காரர் அதைக் கண்டால் அரிவாளைத் தேடுவார். ஆயினும் வெட்டிய இடத்திலிருந்து சில மாதங்களில் அது மீண்டும் தழைத்துவிடுவதும் உண்டு. ஏனெனில், அவர் வெட்டியது வெளியே தெரிந்த பகுதியை மட்டுமே. உள்ளே, மாங்கிளையின் மரப்பகுதிக்குள், புல்லுருவியின் உறிஞ்சும் உறுப்பு புதைந்து கிடக்கிறது.

இந்தப் புல்லுருவி பாதி வெளியிலும் பாதி உள்ளிலும் வாழ்கிறது. முழுவதும் உள்ளேயே வாழும் செடி ஒன்று உண்டென்றால் நம்புவீர்களா? வேரில்லை, தண்டில்லை, இலையில்லை. மற்றொரு புதருக்குள் நூலிழைபோல் ஓடிக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை பட்டையைப் பிளந்து கொண்டு பூவை மட்டும் வெளியே நீட்டுகிறது. அத்தகைய செடிகள் உலகில் உள்ளன. அவற்றை மனிதன் எவ்வாறு கண்டறிந்தான் என்னும் வரலாற்றைச் சொல்லவே இன்று வந்தேன். அதைச் சொல்லுமுன், என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

1986ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்கள் ஆளுக்குப் பத்துச் செடிகள் சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிக் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலோர் நாயுருவி, துளசி, தும்பை, ஆவாரை என்று சாலையோரத்திலேயே பத்தையும் முடித்துவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் ஈரச் சாக்கில் எதையோ பொதிந்து கொண்டுவந்தான். அவனுடைய தந்தை மலைமேல் ஒரு தோட்டத்தில் கூலி வேலை பார்த்து வந்தார். பையன் விடுமுறையில் அவருக்குச் சோறு கொண்டு போனபோது, பெருமழை ஓய்ந்த சோலையில், உதிர்ந்த இலைகளுக்கு இடையே அதைக் கண்டிருக்கிறான்.

நான் கண்டது இது: கைக்கு அடங்கும் கிழங்கு போன்ற ஒரு முண்டு. அதிலிருந்து விரல் உயரத்துக்குச் சில தண்டுகள். ஒவ்வொன்றின் முனையிலும் உருண்டையான ஒரு தலை. பச்சை என்பது மருந்துக்கும் இல்லை. முண்டின் அடியில் ஏதோ ஒரு மரத்தின் வேர்த் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது காளான், தம்பி. செடிப் பட்டியலில் சேராது" என்றேன்.

"இது பூ, ஐயா. இதில் ஈயும் எறும்பும் மொய்த்துக் கொண்டிருந்தன" என்றான் அவன்.

"இலையுமில்லை, பச்சையுமில்லை; பூ எங்கிருந்து வரும்? அந்த அழுக்கு வேரை நறுக்கி எறிந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டு, அவனுடைய பட்டியலில் பத்தாவது பெயரை அடித்து, "காளான்" என்று சிவப்பு மையால் எழுதினேன். பத்துக்கு ஒன்பது மதிப்பெண். அவன் மறுமொழி சொல்லவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, மதுரையில் ஆசிரியர்களுக்கு நடந்த கோடைப் புத்தாக்கப் பயிற்சியின்போது, ஓய்வு வேளையில் ஒரு நூலகத்தில் தாவர நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. முண்டு, விரல் உயரத் தண்டு, உருண்டைத் தலை, அடியில் வேர்த் துண்டு. எல்லாம் இருந்தன. கீழே "பாலனோபோரா" என்று எழுதியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளில் மரவேர்களின் மேல் வாழும் முழு ஒட்டுண்ணி, பூக்கும் செடி.

அன்று முதல் இந்தச் செடிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கலானேன். படிக்கப் படிக்க ஒரு வேடிக்கை தெரிந்தது. நான் செய்த அதே பிழையை எனக்கு முன்னே பேரறிஞர்கள் செய்திருந்தார்கள்! அதனால் என் பிழை சிறிதாகிவிடவில்லை. ஆனால் இந்தத் துறையின் வரலாறே அந்தப் பிழையைச் சுற்றித்தான் சுழல்கிறது.

பாலனோபோராவுக்கு அறிவுலகில் பெயரிட்டவர்கள் பார்ஸ்டர் என்னும் குடும்பப் பெயருடைய தந்தையும் மகனும். 1772 முதல் 1775 வரை கேப்டன் குக் மேற்கொண்ட இரண்டாம் உலகப் பயணத்தில் உடன் சென்றவர்கள். பசிபிக் தீவுகளில் அவர்கள் கண்ட இனத்துக்கு இட்ட சிறப்புப் பெயர் "பங்கோசா" என்பது. அதன் பொருள் "காளான் போன்றது". அவர்கள் அதைப் பூக்கும் செடி என்று அறிந்தே எழுதினார்கள். ஆனாலும் கண்ணுக்கு முதலில் பட்ட காளான் பெயரிலே தங்கிவிட்டது. எங்கள் மலையில் உள்ளதும் அந்த இனத்தின் இந்தியக் கிளையே.

மத்தியதரைக் கடலில் மால்ட்டாத் தீவுகளை ஒட்டி ஒரு பாறை உண்டு. அதன் பெயரே காளான் பாறை. அங்கே சிவந்த தடி போன்ற ஓர் ஒட்டுண்ணி முளைக்கும். குருதிப் போக்கையும் வயிற்றுக் கடுப்பையும் நிறுத்தும் மருந்தென்று நம்பி, தீவை ஆண்ட வீரத் துறவியர் அந்தப் பாறைக்குக் காவல் போட்டு, பிறர் ஏறாதபடி பாதுகாத்தார்கள். அவ்வளவு அரும்பொருளாகப் போற்றியும், அதைக் காளான் என்றே நெடுங்காலம் அழைத்தார்கள். 1729இல் மிக்கேலி என்னும் இத்தாலியர் அதைப் பூக்கும் செடியாக ஆராய்ந்து பெயரிட்டார். விந்தை என்னவென்றால், காளான்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அடிகோலியவர்களுள் அவரும் ஒருவர். காளானை நன்கறிந்தவருக்குத்தான் எது காளான் இல்லை என்பதும் தெரிந்திருக்கிறது.

வெளிநாட்டை ஏன் சொல்ல வேண்டும்? நம் திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலைக் காடுகளில், புகையிலையின் வேரை உறிஞ்சி வெளிறிய தண்டாகக் கிளம்பும் ஒரு களை உண்டு. அதற்கு உழவர் இட்ட பெயர் "புகையிலைக் காளான்". அதுவும் பூக்கும் செடியே. பச்சை இல்லாததையெல்லாம் காளான் என்பது நாட்டு வழக்கு. உழவர் அப்படிச் சொல்வதில் குற்றமில்லை. அவருக்கு வேண்டியது பயிரைக் காப்பது. சொல்லித்தரும் பொறுப்பில் இருந்த நான் அப்படிச் சொன்னதுதான் குற்றம்.

இனி, உலகை உலுக்கிய பூவுக்கு வருவோம். 1818ஆம் ஆண்டு மே மாதம். சுமத்ராத் தீவின் காட்டில் ராபிள்ஸ் துரையும் அவருடைய மருத்துவரும் இயற்கை நூலறிஞருமான ஜோசப் ஆர்னால்டும் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். ஆர்னால்டு சற்றுத் தனித்துச் சென்றபோது, ஊழியருள் ஒருவனான மலாய்க்காரன் வியப்புத் தாங்காமல் ஓடிவந்து அவரை அழைத்தான். அவன் காட்டிய இடத்தில், தரையோடு தரையாக, ஏறத்தாழ ஒரு கஜம் அகலமுள்ள செந்நிறப் பூ விரிந்து கிடந்தது. இலை இல்லை, கிளை இல்லை. ஒரு காட்டுக்கொடியின் வேரிலிருந்து அது நேரே கிளம்பியிருந்தது. ஊன் அழுகும் நாற்றம், உள்ளே ஈக்கள். உடன் சாட்சிகள் இல்லாதிருந்தால் இந்த அளவைச் சொல்லவே அஞ்சியிருப்பேன் என்னும் பொருள்பட ஆர்னால்டு எழுதி வைத்தார். சில மாதங்களுக்குள் அவர் காய்ச்சலால் இறந்தார். 1820இல் ராபர்ட் பிரௌன் லண்டன் லின்னேயன் கழகத்தில் அப்பூவைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். ராபிள்சின் பெயரும் ஆர்னால்டின் பெயரும் சேர்ந்து "ரஃப்லீசியா ஆர்னால்டி" ஆயிற்று. ஓடிவந்து அழைத்த மலாய் ஊழியனின் பெயர் பூவில் இடம்பெறவில்லை. முதலில் கண்டவன் அவன்தானே என்று நான் இதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இப்பூவின் உடல் எங்கே என்று கேட்பீர்கள். அதுதான் நம் தலைப்பு. ரஃப்லீசியாவின் உடல் அந்தக் கொடிக்குள்ளேயே மெல்லிய இழைகளாக ஓடுகிறது. காளானின் இழைகள் மரத்துக்குள் ஓடுவதுபோலவே இருக்கும். ஆகவே அக்கால அறிஞர் சிலர் குழம்பியதில் வியப்பில்லை. பூவோ பூக்கும் செடியினுடையது. உடலோ காளானுடையதைப் போன்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு தனி வகுப்பு இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். வேரில் பூப்பவை என்னும் பொருளில் "ரைசாந்தி" என்று அதற்குப் பெயரிட்டு, பாலனோபோரா, ரஃப்லீசியா, மால்ட்டாப் பாறைச் செடி எல்லாவற்றையும் அதில் அடைத்தார்கள். இங்கிலாந்தின் புகழ்பெற்ற லிண்ட்லி 1846இல் வெளியிட்ட பெருநூலிலும் இத்தகைய இடைவகுப்பு ஒன்று இருக்கிறது. இலையில்லாதவற்றை ஒரே பெட்டியில் போட்டால் வேலை எளிதாகிவிடும் அல்லவா?

அந்தப் பெட்டியைத் திறந்து கொட்டியவருள் ஒருவர் நம் சென்னையோடு தொடர்புடையவர். வில்லியம் கிரிபித் என்னும் இளைஞர். 1832இல் தம் 22ஆம் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணை மருத்துவராகச் சென்னையில் வந்து இறங்கினார். மருத்துவம் அவருக்குப் பிழைப்பு. செடி அவருக்கு உயிர். அசாமில் தேயிலை விளையுமா என்று பார்க்க 1835இல் அனுப்பப்பட்ட குழுவில் அவரும் ஒருவர். மறு ஆண்டு, 1836இல், இந்தியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள மிஷ்மி மலையில், ரஃப்லீசியாவின் உறவான ஒரு பூவைக் கண்டார். ஒரு சாண் அகலம், குருதிச் சிவப்பு, அதன்மேல் வெளிர் மஞ்சள் புள்ளிகள். அழுகல் நாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் "சாப்ரியா" என்று பெயரிட்டார். இதுவும் ஒரு காட்டுக்கொடியின் வேருக்குள் வாழ்வது. அந்தக் கொடி திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வேலியில் ஏறும் பிரண்டையும் அக்குடும்பமே.

கிரிபித் அதோடு நிற்கவில்லை. வேரில் பூக்கும் ஒட்டுண்ணிகளையெல்லாம் உருப்பெருக்கியின் கீழ் வைத்து, சூலகத்தை அறுத்து, விதையைப் பிளந்து பார்த்தார். இவற்றை ஒரே வகுப்பில் அடைத்தது தவறு, இவை வெவ்வேறு குடும்பங்களிலிருந்து தனித்தனியே இந்த வாழ்க்கைக்கு வந்தவை, உருவ ஒற்றுமை வாழ்க்கை முறையால் வந்த ஒற்றுமையே என்னும் கருத்தை முன்வைத்தார். அந்தக் கட்டுரை 1840களில் லின்னேயன் கழகத்தின் ஏட்டில் வந்தது. 1845 பிப்ரவரியில், 34 வயதில், மலாக்காவில் அவர் காலமானார். அவர் சொன்னது சரி என்பதை நம் காலத்து மரபணு ஆராய்ச்சி காட்டிவிட்டது. 2007இல் வெளிவந்த ஆய்வின்படி ரஃப்லீசியாவும் சாப்ரியாவும் ஆமணக்கின் குடும்பத்திலிருந்து கிளைத்தவை. பாலனோபோராவோ சந்தனமும் புல்லுருவியும் அடங்கிய வரிசையைச் சேர்ந்தது. அதாவது, நான் காளான் என்று அடித்த அந்தப் பொருள், எங்கள் ஊர் மாமரத்தில் நாள்தோறும் நான் அண்ணாந்து பார்த்த புல்லுருவிக்குத் தொலைதூர உறவு!

பெரிய பூவுக்கு அத்தனை வரலாறு என்றால், சிறிய பூவுக்கு இருக்கும் வரலாறு இன்னும் சுவையானது. ரஃப்லீசியாவைக் காணாமல் ஒருவன் தாண்டிப் போக முடியாது, மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். பைலோஸ்டைலிஸ் என்னும் பேரினம் அப்படியில்லை. அது உண்மையிலேயே புதருக்குள் வாழும் செடி. அதன் பூ 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். கேழ்வரகு மணியைவிடச் சற்றுப் பெரிது. பூக்கும் பருவம் வந்ததும் ஓம்பும் புதரின் பட்டையைத் துளைத்துக்கொண்டு, தண்டு நெடுகக் கொப்புளங்கள்போலப் பூக்கள் வெடித்துக் கிளம்பும். பார்க்கிறவன், புதருக்கு நோய் கண்டுவிட்டது என்பான்; அல்லது செதில்பூச்சி பற்றிவிட்டது என்பான். ஆஸ்திரேலியாவில் உள்ள ஓர் இனத்துக்குச் செதில்பூச்சியை ஒத்தது என்னும் பொருளிலேயே அறிஞர் பெயரிட்டார்கள். பூ உதிர்ந்த பின் அந்தப் புதருக்குள் இன்னொரு செடி இருக்கிறது என்பதற்கு வெளியே பெரிதாக அடையாளம் எதுவும் இராது.

இக்குடும்பத்தில் முதலில் பெயர் பெற்றது தென் அமெரிக்கக் கயானாவில் பிரெஞ்சுக்காரர் புவாத்தோ கண்டு 1824இல் எழுதிய அப்போடாந்தீஸ். பத்து ஆண்டு கழித்து, 1834இல், பைலோஸ்டைலிஸ் என்னும் பெயர் வந்தது. அதற்கு அடிப்படையான மாதிரி சிலி நாட்டுப் புதர் ஒன்றிலிருந்து கிடைத்தது. 1854இல் அமெரிக்கரான ஏசா கிரே, அந்நாட்டின் தென்மேற்குப் பாலைநிலப் புதரிலிருந்து மற்றோர் இனத்தை எழுதினார். பின்னர் மேற்காசியாவின் முள்ளடர்ந்த அஸ்திரகாலஸ் புதர்களில் வாழும் இனத்துக்கு பாசியே என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் பெயரிட்டார். ஈரான் நாட்டு மலைச்சரிவுகளில் இன்றும் அது பூக்கிறது. ஜெர்மானியரான சோம்ஸ்-லாபாக் அதை அறுத்து ஆராய்ந்து, ஒட்டுண்ணியின் இழைகள் புதரின் வளர்முனை வரை கூடவே ஏறிச் செல்வதைக் கண்டார். புதர் புதிய தளிர் விடும்போதே ஒட்டுண்ணியும் அதற்குள் இடம்பிடித்துவிடுகிறது. அவ்விழைகள் பிற்பாடு இலையின் அடியில் திரண்டு மொட்டாகின்றன. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. ஆகவே, பூச்சிகள் ஒரு புதரிலிருந்து மற்றொரு புதருக்குப் பறந்தால்தான் விதை உண்டு. விதையோ தூசி போன்றது. அந்தத் தூசி எவ்வாறு அடுத்த புதருக்குள் புகுகிறது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரு வாழ்நாள் ஆராய்ச்சிக்குப் போதுமான கேள்வி அது.

இதன் உறவு என்ன தெரியுமா? 2010இல் மரபணுவைக் கொண்டு முடிவுசெய்தார்கள்: பூசணி, சுரை, வெள்ளரி அடங்கிய வரிசை! தோட்டமெங்கும் படர்ந்து, முறம் போன்ற இலை விரிக்கும் பூசணிக்கு, இலையே இல்லாத உறவு. பச்சையத்தைத் தாங்கும் நுண்ணுறுப்புக்கென்று ஒரு தனி மரபணுத் தொகுதி செடிகளில் உண்டு. பொதுவாக நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் அதில் இருக்கும். 2016இல் வந்த ஆய்வின்படி, பைலோஸ்டைலிசின் இரண்டு இனங்களில் அத்தொகுதியில் வேலை செய்யக்கூடியவையாக எஞ்சியிருப்பவை ஐந்தோ ஆறோதான். கிரிபித்தின் சாப்ரியாவோ பிற பூக்கும் செடிகள் காத்துவந்த மரபணுக்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டை இழந்துவிட்டதாக 2021இல் அறிந்தார்கள். உழைக்காமல் உண்பவன் கருவிகளை ஒவ்வொன்றாக விற்றுவிடுவதைப் போன்றது இது. ஆனால் பூவை மட்டும் எதுவும் விற்கவில்லை. இலையை விட்டது, தண்டை விட்டது, வேரை விட்டது. பூவை விட்டால் வம்சம் இல்லை.

இனி, இவை எங்கெங்கே பரவியுள்ளன என்று உலகப் படத்தை விரித்துப் பாருங்கள். வட அமெரிக்காவின் பாலைநிலம், நடு அமெரிக்கா, சிலி வரையுள்ள தென் அமெரிக்கா, ஆப்பிரிக்காவின் சில இடங்கள், மேற்காசியா, பிறகு ஒரே தாவலில் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை. மொத்தம் பத்து இனங்கள் அளவில்தான். பெரும்பாலானவற்றுக்கு இருப்பிடம் அவரைக் குடும்பப் புதர்கள். ஈரானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே இருக்கும் நம் நாட்டின் தாவரப் பட்டியல்களில் பைலோஸ்டைலிஸ் இல்லை. அவரைக் குடும்பப் புதர்களுக்கு இங்கே பஞ்சமா? ஆவாரை, கொழுஞ்சி, அவுரி என்று எங்கள் கரிசல் ஓரத்திலேயே எத்தனையோ உண்டு. இல்லாததால் பட்டியலில் இல்லை என்று கொள்வதே முறை. நானும் அப்படியே கொள்கிறேன். எனினும் ஒன்றை மறக்கலாகாது. ஆஸ்திரேலியாவில் உள்ள மூன்று இனங்களுள் ஒன்று 2008இல்தான் பெயர் பெற்றது. அதுவரை அது அங்கே வாழாமலா இருந்தது? புதருக்குள் வாழும் செடியின் பரவலைக் காட்டும் படம் உண்மையில் இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று வைத்தது: செடி எங்கே வாழ்கிறது என்பது ஒன்று, பூக்கும் வாரத்தில் குனிந்து பார்த்தவர் எங்கே இருந்தார் என்பது மற்றொன்று.

தென்னாட்டில் அப்படிக் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தவர்கள் இல்லாமலில்லை. சென்னை அரசாங்கத்தின் தாவர நூலறிஞராக இருந்த பார்பர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தன மரத்தின் வேரைத் தோண்டி, அது அண்டையிலுள்ள செடிகளின் வேர்களைப் பற்றி உறிஞ்சும் உறுப்பை நுணுக்கமாக அறுத்து ஆராய்ந்தார். கோயிலில் அரைக்கும் சந்தனம் அயல் வேரை உறிஞ்சி வளர்ந்தது என்பதைக் கேட்டு என் வகுப்பில் நம்ப மறுத்தவர் பலர். பார்பர் பிற்காலத்தில் கோவைக் கரும்பு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். வனத்துறை அதிகாரியாக இருந்த பிஷர், 1926இல் தென்னிந்தியப் புல்லுருவிகளையும் அவை பற்றும் மரங்களையும் தொகுத்து எழுதினார். கேம்பிள் 1915இல் தொடங்கி முடிக்காமல் இறந்த சென்னை மாகாணத் தாவர நூலை 1936இல் நிறைவு செய்தவரும் அவரே.

புல்லுருவி ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்துக்கு எவ்வாறு போகிறது என்பதைத் தெளிவாகக் கண்டு 1931இல் எழுதியவர் பறவை அறிஞர் சலீம் அலி. கொங்கணத்தில் அவர் கண்டதை நீங்கள் ராஜபாளையத்து மாந்தோப்பிலேயே காணலாம். பூ மூடியே இருக்கும். தேன்சிட்டு வந்து அலகால் தொட்டதும் குழல் பட்டெனப் பிளந்து மகரந்தம் அதன் தலையில் தெறிக்கும். கனியைத் தின்பது பூக்கொத்தி என்னும் மிகச் சிறிய பறவை. விதையைச் சுற்றி அரைத்த பசைபோல் ஒரு பிசின் உண்டு. பறவையின் வயிற்றைக் கடந்த விதை எளிதில் கீழே விழாது. பறவை கிளையில் உடலைத் தேய்த்துத்தான் அதை விடுவிக்க வேண்டும். தேய்த்த இடமே விதைத்த இடம். ஆகவே புல்லுருவியின் பரவலை அறிய வேண்டுமானால் பூக்கொத்தியின் பாதையைப் பின்பற்ற வேண்டும். தோட்டக்காரருக்கு இந்தக் கதை பிடிக்காது. மாங்கிளை காய்ந்தால் அவருக்கு நட்டம். ஆனால் கோடையில் ஏனைய மரங்களில் தேன் வற்றும்போது தேன்சிட்டுக்குப் புல்லுருவி தேன் தருவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பாலனோபோராவுக்கு வருகிறேன். அன்று நான் நறுக்கி எறியச் சொன்ன வேர்த் துண்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க இயலாது. அந்த முண்டு இருக்கிறதே, அது முழுவதும் ஒட்டுண்ணியினுடையது அன்று. ஓம்பும் மரத்தின் வேர் முண்டுக்குள் நுழைந்து கிளைக்கிறது; அதன் குழாய்களும் ஒட்டுண்ணியின் திசுவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எது யாருடையது என்று அறுத்துப் பார்த்தாலும் பிரிப்பது கடினம். ஒரு செடிக்குள் மற்றொரு செடி வாழ்வதை எங்கள் பகுதியில் கையில் வைத்துக் காட்டக்கூடிய சான்று அந்தச் சந்திப்புதான். மேலே உருண்டைத் தலையில் பெண் பூக்கள் ஆயிரக்கணக்கில் நெருங்கியிருக்கும். பூக்கும் செடிகள் அனைத்திலும் மிகச் சிறிய பெண் பூக்கள் இவையே என்பர். இதழ் இல்லை, மயிரிழை போன்ற ஒரு தண்டும் அதனடியில் ஒரு சூலும்தான். வெறுங்கண்ணுக்கு அது பூவாகத் தெரியாது. எறும்புக்குத் தெரிந்திருக்கிறது, பையனுக்கும் தெரிந்திருக்கிறது.

பணி ஓய்வு பெற்ற ஆண்டில் அவனைத் தேடிப் போனேன். சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் பார்வையாளராக இருந்தான். நரை தொடங்கியிருந்தது. தறி ஓசையில் பேச முடியாமல் வெளியே வேப்ப மரத்தடிக்கு வந்தோம். நான் படம் எடுத்து வைத்திருந்த தாளை நீட்டினேன். நெடுநேரம் பார்த்தான்.

"அன்றைக்கு நீ சொன்னதே சரி, தம்பி. இது பூ" என்றேன்.

"அதற்கென்ன, ஐயா" என்று சிரித்தான். பிறகு, "அந்த வேரை வெட்ட ஒரு காலை முழுவதும் ஆயிற்று. அரிவாள் இல்லை, கல்லால் தட்டித்தான் எடுத்தேன். எதிலிருந்து முளைக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள் என்று நினைத்தேன்" என்றான்.

நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய மதிப்பெண் பட்டியல் என்றோ மண்ணாகியிருக்கும், திருத்த ஒன்றுமில்லை. அந்த மலை 1988இல் நரை அணில் சரணாலயமாயிற்று. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. வனத்துறையின் இசைவு இல்லாமல் இன்று மேலே போக இயலாது. எதையும் பறித்துவரவும் கூடாது. அது நல்லதே. இசைவு பெற்று மாணவர்களோடு ஒருமுறை போய்வரலாமா என்று கேட்டேன். எந்த மாதம் என்று அவனே சொன்னான்: ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகை பிறந்து பத்து நாளைக்குள். ஓடைக்கு வலக்கைப் பக்கம், பெரிய பாறைக்கு மேலே, மூன்றாவது மரம். தந்தை வேலையை விடும்வரை ஆண்டுதோறும் அங்கே போய்ப் பார்த்து வந்தானாம்.